விரல் எண்ணிக்கை பத்து

ஒரு குடிமகனுக்கு எத்தனை விரல்கள் இருக்க வேண்டும் என்பது பற்றி எங்கள் அலுவலகத்தில் நெடுநாள் வரை எந்த ஆணையும் இருந்ததில்லை. பொதுவாக எல்லோரும் பத்தோடு வந்தார்கள், அட்டை வாங்கினார்கள், போனார்கள். பிரச்சினையே இல்லாத இடத்தில் ஒரு விதியைக் கொண்டுவந்து வைத்த பெருமை என்னையே சாரும் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்களுடையது தொழில் அட்டை வழங்கும் அலுவலகம். கொத்தனார், தச்சர், தையல்காரர், எலக்ட்ரீஷியன் என்று கையால் வேலை செய்கிற யாராக இருந்தாலும் இங்கே வந்து, இரண்டு கைகளையும் ஒரு கண்ணாடிப் பலகை மேல் வைத்து, ரேகை பதிந்து, அட்டை வாங்கிக்கொண்டு போக வேண்டும். நான் அங்கே புரோகிராமர். நிரந்தரம் இல்லை. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை என்னைப் புதுப்பிப்பார்கள். பழைய பதிவேடுகள் வைக்கிற அறையில், ஓடாத ஜெராக்ஸ் மெஷினுக்கும் ஓடுகிற பல்லிக்கும் நடுவில் எனக்கு ஒரு மேசை.

ரேகை மெஷினுக்கான புரோகிராமை எழுதியவன் நான்தான். அப்போது எங்கள் தொழிலில் ஒரு நாகரிகம் பரவியிருந்தது. எதையும் புரோகிராமுக்குள்ளேயே புதைத்துவிடக் கூடாது, மாறக்கூடியதையெல்லாம் தனியாக ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கோப்புக்குப் பெயர் கான்ஃபிக். அதை எழுதுகிற முறைக்குப் பெயர் எக்ஸ்எம்எல்; எதைத் திறந்தாலும் அதை மூடியே ஆக வேண்டும் என்பது அதன் முதல் விதி. புரோகிராமைச் சமையல்காரர் என்று வைத்துக்கொண்டால், உப்பு இவ்வளவு, காரம் இவ்வளவு என்று அவர் கண்ணெதிரே ஒட்டிவைத்த சீட்டுதான் கான்ஃபிக். சமையல்காரரைத் தொந்தரவு செய்யாமல் சீட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் நல்ல யோசனை ஒன்று கையில் கிடைத்தால் நமக்கு நிதானம் ஏது? ஜன்னல் திறக்கும் நேரம், திரையின் நிறம், 'வணக்கம்' என்பதற்குப் பின்னால் வர வேண்டிய புள்ளி வரைக்கும் எல்லாவற்றையும் சீட்டில் ஏற்றினேன். பன்னிரண்டு வரி வந்தது. ஏழாவது வரி இது:

<விரல் எண்ணிக்கை="10"/>

மனுஷனுடைய விரல் எண்ணிக்கை மாறக்கூடிய விஷயமா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், "எதிர்காலத்தில் யார் கண்டது?" என்று பெருமையாகச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் காகிதம் வந்தால்தான் கேள்வி வரும்.

ஆறு மாதம் கழித்துத் தச்சர் வந்தார்.

மூன்றாம் ஜன்னல் அக்காதான் என்னைக் கூப்பிட்டார். எங்கள் அலுவலகத்தில் யாருக்காவது இரக்கம் வந்தால் அது அக்காவுக்குத்தான் வரும். அதனாலேயே பதினெட்டு வருஷமாக மூன்றாம் ஜன்னலிலேயே இருக்கிறார்.

"தம்பி, மெஷின் அடம் பிடிக்குது. கொஞ்சம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், சட்டைக் கையில் மரத்தூள் ஒட்டியிருக்க, இரண்டு கைகளையும் கண்ணாடி மேல் விரித்து வைத்திருந்தார். இடது கையில் சுண்டுவிரல் இல்லை. திரையில் என் வாசகம் மின்னியது: 'விரல்களின் எண்ணிக்கை பொருந்தவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்.'

"நாலு தடவை முயற்சி பண்ணிட்டேன் சார்," என்றார் தச்சர். "முளைக்கிற வரைக்கும் பண்ணணுமா?"

"எப்படிங்க போச்சு?"

"ரம்பம் எடுத்துக்கிச்சு. இருபது வருஷம் ஆச்சு. சுண்டுவிரல்தானே சார், அது இல்லாட்டியும் எல்லா வேலையும் நடக்குது."

அவருடைய அவசரத்தை அக்கா விளக்கினார். ஊருக்குப் புதிதாக ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள். அதன் நூற்று நாற்பது கதவுகளும் இவர் பட்டறையில் இவர் கையால் செய்தவை. இனிமேல் மாட்ட வேண்டியதுதான் பாக்கி. ஒன்றாம் தேதியிலிருந்து தொழில் அட்டை இல்லாத ஆளை ஆஸ்பத்திரி கேட்டுக்குள் விடக் கூடாது என்று உத்தரவு.

"ஒவ்வொரு கதவுக்கும் ஒரு குணம் இருக்கு சார்," என்றார் தச்சர். "செஞ்சவனுக்குத்தான் அது தெரியும். வேற ஆள் மாட்டினா நாலே மாசத்துல தரையில உரசும். ஸ்ட்ரெச்சர் போற வழி சார் அது."

ஒன்றாம் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

"இது ரெண்டு நிமிஷ வேலைங்க," என்றேன். இந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதி கோரி இன்றுவரை ஒரு விண்ணப்பம் மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கே மாற்றியிருக்கலாம். ஆனால் நாலு மாதத்துக்கு முன்னால் திரையின் நிறத்தைக் கேட்காமல் மாற்றியதற்கு, 'இளநீலத்தின் மீது தன்னிச்சையாக நடவடிக்கை எடுத்தமைக்கு' என்று விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்திருந்தது. அதனால் தலைமை எழுத்தரிடம் போனேன். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சிவப்பு மை. எந்தக் காகிதம் வந்தாலும் ஒரு சொல்லையாவது அடித்துத் திருத்தாமல் மேலே அனுப்ப மாட்டார். சொந்த மகளின் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் 'மேற்படி' சேர்த்தவர்.

"பத்துன்னு முடிவு பண்ணினது யாரு?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார். நான்தான் போட்டேன்."

"எப்ப போட்டீங்க?"

"ஆறு மாசம் முன்னாடி."

"ஆறு மாசமா நடைமுறையில இருக்கு. ஆறு மாசம் நடைமுறையில இருந்தா அதுக்குப் பேரு கொள்கை. நீங்க போட்டதுங்கறதுக்காக நீங்களே எடுத்துட முடியுமா? பெத்தவங்களே ஆனாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியுமா?"

"சார், ஒரே ஒரு வரி."

"ஒரே வரியா? ஒரு வரியை மாத்தினாலும் முழுக் கோப்பும் மாறின மாதிரி. டைரக்டர்கிட்ட போகணும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். எங்கள் சாமி அப்போது ஊரில் இல்லை. டைரக்டர் மூன்று நாள் பயிற்சிக்குப் போயிருந்தார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைக்கிறாள். பெடலை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஒரு விரல் இல்லேன்னா ஆளே இல்லையா? அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு? பாவங்க. சீக்கிரம் முடிச்சுக் குடுங்க."

அதற்கப்புறம் தினமும் நான் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்: "தச்சருக்கு அட்டை கிடைச்சுதா?"

டைரக்டர் பயிற்சியிலிருந்து திரும்பி வந்தார். போகும்போது ஒரு பையோடு போனவர், வரும்போது ஒரு நாகரிகத்தோடு வந்தார். அந்த மூன்று நாளில் ஒரு மத்தியானம் யாரோ அவருக்கு எக்ஸ்எம்எல் காட்டியிருக்கிறார்கள். நான் கோப்பை அச்செடுத்து மேசையில் வைத்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என் சர்வீஸ்ல இவ்வளவு ஒழுக்கமான ஒரு கோப்பை நான் பார்த்ததில்ல," என்றார். குரல் தழுதழுத்தது. "திறந்ததை எல்லாம் மூடியிருக்கு. உள்ள இருக்கறது உள்ள இருக்கு, வெளிய இருக்கறது வெளிய இருக்கு. நம்ம ஆபீஸ் இப்படி இருந்தா எப்படி இருக்கும்?"

"சார், ஏழாவது வரி..."

"வரி இருக்கட்டும். முதல்ல இந்த ஒழுங்கு எல்லாருக்கும் வரணும்."

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. இனி அலுவலகத்தின் அனைத்துத் தகவல் பரிமாற்றங்களும் எக்ஸ்எம்எல் நெறிமுறையில் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும். லீவு கேட்பதானால் விடுப்பைத் திறந்து, காரணத்தைத் திறந்து, காரணத்தை மூடி, விடுப்பை மூட வேண்டும். அக்கா தலைவலி என்று எழுதிக் கொடுத்த விண்ணப்பம், 'தலைவலி திறக்கப்பட்டுள்ளது. மூடப்படவில்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதற்குள் அக்காவுக்குத் தலைவலி தானாகவே மூடிக்கொண்டது, லீவுதான் திறக்கவில்லை. டீ வாங்கப் போகிறவரிடம் வாயால் சொன்னால் அவர் நகர மாட்டார். சீட்டு எழுதிக் கொடுத்தால், சர்க்கரை டீக்குள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கேட்பார். ஒரே வாரத்தில், எக்ஸ்எம்எல் தெரியாதவர் என்று ஒருவரைச் சொன்னால் அவர் சண்டைக்கு வருகிற நிலைமை.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பல்லியோடு உட்கார்ந்திருந்தவனை ஆளாளுக்கு வந்து சந்தேகம் கேட்டார்கள். இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

தச்சர் தினமும் வந்தார். சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நாள் பாக்கி இருந்தபோது டைரக்டர் ஒருவழியாக ஏழாவது வரிக்கு வந்தார். வந்தவர் கண்ணில் வேறொன்று பட்டது.

"இது என்ன, வரிக்கு மேல ஏதோ சின்னதா எழுதியிருக்கு?"

"அது குறிப்பு சார். பின்னாடி கோப்பைப் பார்க்கிறவங்களுக்காக நாங்க எழுதி வைக்கிறது."

"மெஷின் இதைப் படிக்குமா?"

"படிக்காது சார். அந்தக் குறி போட்டா தாண்டிப் போயிடும்."

"பின்னாடி வர்றவங்க படிப்பாங்களா?"

"உண்மையைச் சொன்னா, பெரும்பாலும் படிக்க மாட்டாங்க சார்."

டைரக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப நம்ம கருத்தையெல்லாம் எழுத வேண்டிய இடம் இதுதான்."

அன்றிலிருந்து ஏழாவது வரி தொடர்பாக யார் என்ன சொல்வதானாலும் கோப்புக்குள்ளேயே குறிப்பாகப் பதிவிட வேண்டும் என்று ஆணை. 'மேற்படி விரல் தொடர்பாகப் பரிசீலிக்கலாம்.' 'பரிசீலிக்கலாம் என்பதைப் பரிசீலித்தேன், மேல்நடவடிக்கைக்குச் சமர்ப்பிக்கிறேன்.' 'பார்த்தேன்.' 'பார்த்ததைப் பார்த்தேன்.' பன்னிரண்டு வரிக் கோப்பு அறுநூற்று நாற்பது வரியானது. அதில் பதினொரு வரிக்கு மெஷினோடு சம்பந்தம். ஒரு வரிக்குத் தச்சரோடு சம்பந்தம். மிச்சமெல்லாம் அவரவருக்கு அவரவரோடு.

இதில் ஒரு சின்ன விபத்தும் நடந்தது. சிவப்பு மைக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை எழுதினாலும் கடைசியில் இரண்டு சின்னக் கோடு இழுத்து முடிப்பார். தனக்குப் பின்னால் எவனும் ஒரு சொல்லைச் சேர்த்துவிடக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை. ஆனால் குறிப்புக்குள் இரண்டு கோடு சேர்ந்து வரக் கூடாது என்பது எக்ஸ்எம்எல் விதி. வந்தால் மெஷின் கோப்பையே படிக்க மறுத்துவிடும். மறுத்தது. ஒன்றரை நாள் ஜன்னல்கள் திறக்கவில்லை. விசாரணை நடந்து, அலுவலகத்தில் எவரும் இரண்டு கோடு இழுக்கக் கூடாது என்று சிவப்பு மையே ஒரு சுற்றறிக்கை தயாரித்து, கீழே இரண்டு கோடு இழுத்து அனுப்பினார்.

ஐந்து நாள் பாக்கி இருந்தபோது விரல் சீராய்வுக் குழு கூடியது. டைரக்டர் தலைவர், சிவப்பு மை செயலர். சட்ட ஆலோசகர் ஒருவரும் வந்திருந்தார். கட்டைவிரல் விரலா என்ற கேள்வியை அவர் எழுப்பியதில் முதல் நாள் முடிந்தது. இரண்டாம் நாள், ஒரு மனிதருக்குச் சராசரியாக எத்தனை விரல் என்று சுகாதாரத் துறையைக் கேட்டு எழுதியதற்குப் பதில் வந்தது. 'ஒன்பது புள்ளி ஒன்பது ஏழு' என்றது பதில். அதையே போட்டுவிடலாம் என்று ஆலோசகர் சொன்னார். முழு விரல்களைத்தான் மெஷின் எண்ணும் என்று நான் சொன்னேன். மெஷினின் குறுகிய மனப்பான்மை குறித்துக் குறிப்பு எழுதப்பட்டது.

குழு கூடிய மேசை ஆடிக்கொண்டே இருந்தது. யார் கையெழுத்துப் போட்டாலும் பேனா வழுக்கியது. மூன்றாம் நாள், வாசலில் நின்ற தச்சர் பொறுக்க முடியாமல் உள்ளே வந்தார். குனிந்து பார்த்தார். பையிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்து, சீவி, ஒரு காலுக்கு அடியில் வைத்துத் தட்டினார். மேசை நின்றுவிட்டது. எல்லாம் ஒன்பது விரலில்.

"ஒரு கால் மட்டும் குட்டையா?" என்று கேட்டார் டைரக்டர்.

"நாலும் ஒரே அளவுதான் சார். தரைதான் சரியில்ல," என்றார் தச்சர். "அளவு சரியா இருந்தா மட்டும் போதாது சார். நிக்கற இடத்தையும் பார்க்கணும்."

அருமையான கருத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அது கோப்பில் குறிப்பாகச் சேர்க்கப்பட்டது. தச்சரை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

கடைசி நாள், மாற்று வரியை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன்:

<விரல் குறைந்தபட்சம்="9"/>

அதாவது ஒன்பது இருந்தாலும் சரி, பத்து இருந்தாலும் சரி. புரோகிராமிலும் அதற்குத் தகுந்த மாதிரி ஒரு சொல்லைச் சேர்த்திருந்தேன். அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். சிவப்பு மை பேனாவைத் திறந்தார்.

"குறைந்தபட்சமா? அட்டை வாங்க வர்றவங்க இந்த நாட்டோட உழைப்பாளிகள். அவங்க விரலைப் போய் குறைஞ்சதுன்னு நம்ம கைப்பட எழுதறதா?"

"மனசு புண்படும்," என்றார் ஆலோசகர்.

"மரியாதையா எழுதுங்க," என்றார் டைரக்டர்.

சிவப்பு மை 'குறைந்தபட்சம்' என்பதை அடித்து, மேலே 'எண்ணிக்கை' என்று அழகாக எழுதினார்.

"சார், அப்படிப் போட்டா சரியா ஒன்பது இருந்தாத்தான் மெஷின் ஏத்துக்கும். பத்து இருக்கறவங்க கதி?"

"இந்தத் திருத்தம் யாருக்காக?"

"தச்சருக்காக."

"அவருக்கு எத்தனை விரல்?"

"ஒன்பது."

"நாம எத்தனை போட்டிருக்கோம்?"

"ஒன்பது சார், ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா?" என்றார் டைரக்டர். "பத்து விரல் இருக்கற யாராவது மனு குடுத்திருக்காங்களா?"

யாரும் கொடுக்கவில்லை. அதுதான் உண்மை. இன்னொரு தடவை வாயைத் திறந்திருப்பேன். ஆனால் அதே மேசையில், டைரக்டருக்கு முன்னால், அந்தக் கோப்புக்குப் பக்கத்திலேயே, என் அடுத்த பதினோரு மாதத்துக்கான புதுப்பிப்புக் கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஒரே பேனா, ஒரே மேசை. பயந்துவிட்டேன். இதை வேறு மாதிரி நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "சரிங்க சார்," என்றேன். டைரக்டர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். மேசை ஆடவே இல்லை.

தச்சரிடம் போய், ஆணை ஒன்றாம் தேதி முதல் அமலுக்கு வருகிறது, அன்றைக்கு வந்து அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஒன்பது விரலாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டிலும் சொன்னேன். மனைவி அன்றைக்கு எனக்குத் தனியாக ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, உலகத்தில் பத்து விரல் உள்ள அத்தனை பேரும் எங்கள் அலுவலகத்தைப் பொறுத்தவரை தகுதி இழந்தார்கள்.

முதலில் மாட்டியது நாங்கள்தான். வருகைப் பதிவும் அதே மெஷினில். காவலாளி கை வைத்தார், பொருந்தவில்லை. அக்கா வைத்தார், பொருந்தவில்லை. சிவப்பு மை கையைக் கழுவிவிட்டு வந்து வைத்தார். டைரக்டர், தன் கை என்றால் மெஷின் யோசிக்கும் என்ற நம்பிக்கையோடு வைத்தார். 'மீண்டும் முயற்சிக்கவும்' என்றது. வெளியே இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். பதிவேட்டின்படி அலுவலகத்தில் ஒருவர்கூட வேலைக்கு வரவில்லை.

"சார், அந்தச் சொல்லை மறுபடி போட்டா சரியாயிடும். ரெண்டே நிமிஷம்," என்றேன்.

"எப்படிப் போடறது?" என்றார் டைரக்டர். "குழு நேத்துத்தான் கலைஞ்சுது."

"மறுபடி அமைக்கணும்னா மூணு மாசம் இடைவெளி வேணும்," என்றார் சிவப்பு மை.

அந்த நேரத்தில் மூன்றாம் ஜன்னலில் மெஷின் 'நன்றி' என்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஒரு சமையல்காரம்மா நின்றிருந்தார். காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டு, பெரிதாகக் கட்டுப் போட்டிருந்தார். கட்டுப் போட்ட விரலை மெஷின் எண்ணவில்லை.

அக்கா தன் கையைப் பார்த்தார். சுண்டுவிரலை மடக்கினார். கண்ணாடியில் வைத்தார். 'நன்றி' என்றது மெஷின்.

பத்தொன்பது நாளில் ஒரு வரியைச் சரியாக மாற்ற முடியாத அலுவலகம், இருபது நிமிஷத்தில் ஓர் ஆணையைப் பிறப்பித்தது. வாசலில் பெரிய பலகை வந்தது: 'அட்டை பெற வருவோர் அனைவரும் ஒரு விரலை மடக்கிக்கொள்ளவும். விதிவிலக்கு இல்லை. ஆணைப்படி.' சிவப்பு மை அதில் எதையும் திருத்தவில்லை. அவசரம் அப்படி.

ஜனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. எந்தக் கை என்று கேட்டார்கள், எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். மடக்கத் தெரியாதவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். வரிசை மளமளவென்று நகர்ந்தது. 'இப்பல்லாம் இங்க வேலை சுறுசுறுப்பா நடக்குது' என்று ஒருவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

மூன்று மணிக்குத் தச்சர் வந்தார். காலையில் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறார். ஆணை வந்துவிட்டதே, அட்டையைப் பிறகு காட்டலாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். மத்தியானம் வரை நின்றும் கேட்டில் விடவில்லை. நாலரை மணிக்குள் அட்டையோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் நாளைக்கு வேறு ஆள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வரிசையில் நின்று நாலு மணிக்கு மூன்றாம் ஜன்னலுக்கு வந்தார். அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டினார்.

"விரலை மடக்குங்க," என்றார் காவலாளி.

"எனக்கு ஏற்கெனவே ஒண்ணு இல்லீங்களே."

"அது எனக்கு எதுக்கு? போர்டைப் பாருங்க. அனைவரும்னு போட்டிருக்கு."

அக்கா எழுந்துவிட்டார். "சார், இவருக்கு மடக்காமலே ஒன்பதுதான். அப்படியே வைக்கட்டுமே."

சிவப்பு மை வந்து பலகையைப் பார்த்தார், தச்சரின் கையைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். "விதிவிலக்கு இல்லைன்னு எழுதியிருக்கேம்மா. ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் மடக்காம வருவாங்க."

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. "நாங்க எல்லாரும் மடக்கலையா? இவருக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?" "பெரியவரே, ஒரு விரல்தானே, மடக்குங்க. நேரமாகுது." காலையில் கட்டோடு வந்த சமையல்காரம்மா, அட்டையை வாங்கியும் வீட்டுக்குப் போகாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், அவரும் சேர்ந்துகொண்டு சொன்னார்: "ஊரோட ஒத்துப்போங்க அண்ணே."

தச்சர் வலது கையின் சுண்டுவிரலை மெதுவாக மடக்கினார். கண்ணாடியில் வைத்தார். 'விரல்களின் எண்ணிக்கை பொருந்தவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்.'

அவர் கவுண்டருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். என் மேசையில் கோப்பு திறந்துதான் இருந்தது. ரெண்டே நிமிஷம். டைரக்டர் அறைக் கதவும் திறந்துதான் இருந்தது.

"ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க அண்ணே," என்றேன். "நான் மேல அனுப்பறேன்."

அவர் எழுதவில்லை. மடக்கிய விரலை விரிக்காமலே போய்விட்டார். மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரியில் வேறு ஆட்கள் கதவு மாட்டுகிறார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். என்ன கேட்பாள் என்று தெரியும். 'கோப்பு சுற்றில் இருக்கிறது' என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

அவள் கேட்கவில்லை. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பலகை மேல் விரித்து வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் நான் அட்டைக்கு வரணுமே," என்றாள். "பக்கத்து வீட்டு அக்கா இன்னிக்கே வாங்கிட்டு வந்துட்டாங்க. எந்த விரலை மடக்குனா நல்லதுங்க? மோதிர விரல் மடக்கினா பக்கத்து விரலும் சேர்ந்து வருது."

"இடது கை சுண்டுவிரல்," என்றேன். "அது இல்லாட்டியும் எல்லா வேலையும் நடக்கும்."